நாளைக்கு வருகிறேன், அம்மா!

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கெல்லாம் வந்துடறேங்க, அம்மா!"

இந்த வாக்கியத்தைக் காதால் கேளாத குடும்பத் தலைவி தமிழ்நாட்டில் எங்கேனும் உண்டா? இருந்தால் அவளுக்கு ஒரு கோயில் கட்டலாம். ஆனால் அந்தக் கோயிலைக் கட்டவும் ஒரு மேஸ்திரி வேண்டுமே! அவரும், "நாளைக்கு வருகிறேன்" என்றுதான் சொல்வார்.

சொல்கிறவர் கொத்தனாராக இருக்கலாம், தச்சராக இருக்கலாம், குழாய் ரிப்பேர்க்காரராகவோ, வெள்ளையடிப்பவராகவோ இருக்கலாம். பாதி இடித்த சமையலறை மேடைக்குப் பக்கத்தில் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு, மணல் மேல் நடந்து, சிமென்டுத் தூசி படிந்த சாம்பாரைப் பரிமாறி, வாசலைப் பார்த்துக் காத்திருப்பவள் என்னவோ வீட்டுக்காரிதான்.

இந்த விஷயத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். "பட்டணத்தில் உட்கார்ந்து எழுதாதே. மலைமேல் போய்ப் பார். பட்டணத்தில் மேஸ்திரி வராவிட்டால் கோபம் வரும். மலையில் மேஸ்திரி வராவிட்டால் மழை வந்துவிடும்!"

ஆகவே ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினேன்.

கரடி இல்லாத கரடியூர்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. ஏரிக்கரையைத் தாண்டிக் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நெளிந்து போகும் பாதை ஒன்று கரடியூருக்குப் போகிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நான் இருந்த மூன்று நாளில் கரடி எதுவும் கண்ணில் படவில்லை. காட்சிமுனையில் நின்றால் காலடியில் சமவெளி விரிந்து கிடக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டு வந்தாராம். அன்று முதல் இங்கே காப்பி மணம்தான்.

ஆனால் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இருக்கும் சுகம் வீடு கட்டிக்கொண்டு இருப்பவர்களுக்கு இல்லை. இங்கே தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் பனிமூட்டம். சரிவில் மண்ணை வெட்டிச் சமன் செய்துதான் வீடு எழுப்ப வேண்டும். அதனால் முன்பக்கம் திண்ணை உயரத்தில் இருக்கும் வீட்டுக்குப் பின்பக்கம் மலை தோளில் சாய்ந்துகொண்டிருக்கும். மேலே பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, வீட்டின் முதுகைத் தேடி வருகிறது. இது மலை வீட்டின் தலையெழுத்து.

மணல், செங்கல், சிமென்டு, கம்பி எல்லாம் லாரியில் இந்த வளைவுகள் ஏறி வர வேண்டும். வேலைக்காரர்களில் பலரும் கீழேயிருந்து வருகிறவர்கள். பாதை அடைபட்டால் வேலை அடைபட்டது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை ஒட்டிக் கொட்டிய மழையில், ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்று போயிற்று. அந்த நாட்களைப் பற்றி இங்கே எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது.

டீச்சரம்மாவின் சுவர்

முதலில் நான் பார்த்தது ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையை. ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. நாமும் அப்படியே அழைப்போம்.

தாயார் விட்டுப்போன பழைய வீடு. கனமான கற்சுவர், மண்சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக் கூரை. பின்னறைச் சுவரில் ஆண்டுதோறும் இடுப்பளவுக்கு ஓதம் ஏறும். பீரோவில் வைத்த பட்டுப் புடவை பூஞ்சணம் பிடிக்கும். அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். சென்னையில் இருக்கும் மகள் முழுகாமலிருக்கிறாள் என்று செய்தி வந்த அன்றுதான் பொறுக்க முடியவில்லை.

"தலைப்பிரசவம் ஆச்சே! தாய் வீட்டுக்குத்தானே அழைச்சுட்டு வரணும்? பச்சைக் குழந்தையைப் படுக்க வைக்க ஓர் உலர்ந்த அறை வேண்டாமா?" என்றார்.

ஓய்வூதியப் பணத்திலிருந்து மூன்று லட்ச ரூபாயை எடுத்து வைத்தார். தெரிந்தவர் மூலம் ஒரு மேஸ்திரி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "பழைய பூச்சுங்க. எல்லாத்தையும் கொத்திட்டு, நல்ல சிமென்டுப் பூச்சாப் போட்டுட்டா ஜென்மத்துக்கும் கவலை இல்லைங்க" என்றார். பாதிப் பணம் முன்பணம். காகிதம் எதுவும் இல்லை, "தெரிஞ்சவர்கிட்ட எழுதி வாங்கறதா?" என்று டீச்சரம்மாவுக்குக் கூச்சம்.

எட்டே நாளில் வேலை முடிந்தது. சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. மீதிப் பணத்தையும் மகிழ்ச்சியோடு கொடுத்து, வேட்டி துண்டும் வைத்து அனுப்பினார்.

ஐப்பசி பிறந்தது. முதலில் சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. பிறகு பூச்சு அப்பளம் போல் உப்பியது. ஓதம் இடுப்பளவில் நிற்காமல் தோளளவுக்கு ஏறியது. மேஸ்திரிக்கு டெலிபோன் செய்தால், "நாளைக்கு வந்து பார்க்கறேங்க, அம்மா." எத்தனை நாளைகள்! கடைசியில் ஒருநாள் கடைத்தெருவில் எதிர்ப்பட்டபோது அவர் சொன்ன பதில் இது: "பூசச் சொன்னீங்க, பூசினேன். ஓதம் வர்றது மலையிலேருந்து. அதுக்கு நான் என்னங்க செய்ய முடியும்?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதுதான் இதில் வேதனை. மலை நனைத்த மண் சுவரின் முதுகில் குவிந்து கிடந்தது. கூரையின் தண்ணீரும் அங்கேயே விழுந்தது. அந்த மண்ணை அகற்றி, பின்னால் ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீருக்கு வேறு வழி காட்டியிருக்க வேண்டும். மண்சாந்துச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை ஈரம் எப்படியோ வெளியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சிமென்டுப் பூச்சு அந்த மூச்சை அடைத்துவிட்டது. வெளியேற வழி இல்லாத ஈரம் மேலே ஏறிற்று.

சகோதரிகளே, வைத்தியரிடம் போனால், "எனக்கு இன்ன மாத்திரை கொடுங்கள்" என்றா கேட்கிறோம்? "இங்கே வலிக்கிறது" என்றல்லவா சொல்கிறோம்! மேஸ்திரியிடம் மட்டும் நாமே மருந்தைச் சொல்லிவிடுகிறோம், அல்லது அவர் சொன்ன முதல் மருந்துக்குத் தலையாட்டிவிடுகிறோம். "சுவரைப் பூசு" என்று பேசியதற்குப் பதில், "ஓதம் நிற்க வேண்டும்; அதற்கு என்ன செய்வீர்கள்?" என்று பேசியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

நின்ற சுவரும் விழுந்த சுவரும்

அடுத்தது ஓர் இளம் தம்பதி. கணவர் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறார். மனைவி வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறாள். வீட்டுக்குப் பின்னால் மண் சரியாமலிருக்க ஒரு தடுப்புச் சுவர் கட்டினார்கள். கருங்கல் சுவர்; கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிமென்டு வைத்து ஒரு எறும்புகூட நுழைய முடியாதபடி இறுக்கிப் பூசியிருந்தார்களாம்.

அதுதான் வினை! தடுப்புச் சுவருக்கு முதல் எதிரி மண் அல்ல, மண்ணுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சுவரில் வரிசையாகத் துளை விட்டுக் கட்டுவார்கள். சுவருக்குப் பின்புறம் ஜல்லி நிரப்பித் தண்ணீர் அந்தத் துளைகளுக்கு வந்து சேர வழி செய்வார்கள். மழைக்காலத்தில் அந்தத் துளைகளில் தண்ணீர் சொட்டினால் பார்க்கிறவர்கள், "ஐயோ, சுவர் ஒழுகுகிறதே!" என்பார்கள். ஒழுகுகிற சுவர்தான் நிற்கும். ஒழுகாத சுவர் ஒருநாள் மொத்தமாக ஒழுகிவிடும்.

அந்த 2024 டிசம்பர் மழையில் இவர்களுடைய சுவர் வயிறு தள்ளிற்று. பிறகு குளியலறை மேல் சாய்ந்தது. "ராத்திரி ரெண்டு மணி. குழந்தையோட முன்னறையில படுத்திருந்தோம். சத்தம் கேட்டு எழுந்து பார்த்தா பின்கதவைத் திறக்க முடியலை. விடியற வரைக்கும் நான் குழந்தையைக் கீழே விடவே இல்லை" என்றாள் அந்தப் பெண். சொல்லும்போதே இடுப்பிலிருந்த குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

கட்டியவர், "மழைதான் காரணம்" என்கிறார். இவர்கள், "சுவர்தான் காரணம்" என்கிறார்கள். அடித்தளம் எவ்வளவு ஆழம், துளை உண்டா, ஜல்லி உண்டா என்று எங்கும் எழுதவில்லை. ஆகவே வழக்கு மழைக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறது.

இந்தச் சச்சரவு இன்று நேற்று வந்ததல்ல. ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹமுராபி என்ற அரசன் தன் சட்டங்களைக் கல்லில் செதுக்கி வைத்தான். அந்தக் கல் இன்று பாரிஸில் லூவர் காட்சிசாலையில் நிற்கிறது. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரர் இறந்தால் கட்டியவருக்கு மரண தண்டனை என்கிறது அதில் ஒரு விதி. பயங்கரம்தான்! ஆனால் இன்னொரு விதி சாந்தமானது: சுவர் சாயும் நிலைக்கு வந்தால், கட்டியவரே தம் சொந்தச் செலவில் அதைப் பலப்படுத்தித் தர வேண்டும். அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்; நாம்தான் எழுதிக்கொள்ளக் கூச்சப்படுகிறோம்.

பாட்டியம்மாவின் நோட்டுப் புத்தகம்

மூன்றாவது வீட்டில்தான் எனக்குப் பாடம் கிடைத்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியம்மா. கணவர் காலமாகிப் பல வருஷம். பிள்ளைகள் வெளியூரில். கூரை மாற்றி, கழிப்பறை கட்டி, தரை போட்டு, எல்லாம் தனியாகவே நடத்தி முடித்திருக்கிறார். எதிலும் தகராறு இல்லை. வேலை செய்த மேஸ்திரி இன்றும் பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து கொடுக்கிறாராம்!

"என்ன ரகசியம், பாட்டி?" என்றேன்.

உள்ளே போய் நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். முதல் பக்கத்தில், செய்ய வேண்டிய வேலை என்ன, எதற்காக, எந்தச் சாமான், எத்தனை நாள், மொத்தம் எவ்வளவு என்று எழுதி, கீழே இருவர் கையெழுத்து. அதன் பிறகு நாளுக்கு ஒரு வரி: யார் யார் வந்தார்கள், என்ன நடந்தது, எத்தனை மூட்டை சிமென்டு, எவ்வளவு பணம் கொடுத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மேஸ்திரியின் கையெழுத்து.

"காலிச் சிமென்டுப் பையை யாருக்கும் கொடுக்க மாட்டேன். சாயங்காலம் எண்ணிப் பார்ப்பேன். பை பொய் சொல்லுமா?" என்று சிரித்தார்.

பணத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். முன்பணம் சாமான் இறக்கும் அளவுக்கு மட்டும். பிறகு நடந்த வேலைக்குத் தகுந்தபடி. கடைசியில் பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைப்பார். அதற்கு நோட்டில் அவர் எழுதியிருந்த வரியை நான் மறக்கவே மாட்டேன்: 'மீதி, ஒரு மழை பார்த்த பிறகு.'

பாட்டியம்மாவுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் சர்க்கார் கட்டட ஒப்பந்தங்களிலும் இதே வழக்கம்தான். வேலை முடிந்த பிறகும் ஒரு தொகையைப் பிடித்து வைத்து, குறிப்பிட்ட காலம் குறை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே விடுவிப்பார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், வீடு ரிப்பேர் செய்யும் காண்ட்ராக்டர் வாங்கும் முன்பணம் மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கையோ ஆயிரம் டாலரையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் டீச்சரம்மா கொடுத்தது பாதி!

மேஸ்திரியின் பக்கம்

ஒரு பக்கத்துக் கதையை மட்டும் கேட்டுவிட்டு எழுதினால் அது கட்டுரை ஆகாது, கோள் ஆகிவிடும். ஆகவே பாட்டியம்மாவின் மேஸ்திரியையே தேடிப் போனேன். ஒரு கட்டடத்தின் சாரத்தின் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மேஸ்திரி, நாளைக்கு நாளைக்கு என்கிறீர்களே, உங்களுக்கு நாள் தெரியாதா?" என்று வேடிக்கையாகக் கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மழை பெஞ்சா வேலை இல்லைங்க. வேலை இல்லேன்னாலும் என்னை நம்பி வந்த ஆளுங்களுக்குச் சாப்பாடு வேணும். ஒரு வீட்டு அட்வான்ஸை எடுத்து இன்னொரு வீட்டுக் கூலியைக் கொடுக்கறோம். அப்புறம் அங்க ஒரு நாள், இங்க ஒரு நாள்னு ஓடறோம். தப்புத்தாங்க. பாதி வேலையில வந்து, 'ஜன்னலை அந்தப் பக்கம் வைங்க'ம்பாங்க. இடிச்சுக் கட்டறோம். அதுக்குக் கூலி கேட்டா மூஞ்சி மாறிடுது."

சற்று நிறுத்தி, டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நாங்க ஒரு வாரம் 'நாளைக்கு'ன்னு சொல்றோம். ஆனா வேலை முடிஞ்ச பிறகு கடைசிப் பணத்துக்கு நான் எத்தனை வீட்டு வாசல்ல நின்னிருக்கேன் தெரியுங்களா? அங்க அவங்க சொல்றாங்க, 'நாளைக்கு வாப்பா'ன்னு. அந்தப் பாட்டியம்மா ஒருத்தர்தாங்க மழை பார்த்த மறுநாளே கூப்பிட்டுக் கொடுத்தாங்க."

எனக்குச் சுருக்கென்றது. 'நாளைக்கு' என்ற சொல் இரண்டு பக்கத்து வாசலிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அதுவரை நான் நினைத்ததே இல்லை. எழுதி வைத்துக்கொள்வது சந்தேகத்தின் அடையாளம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது மேஸ்திரிக்கும் காவல். ஜன்னலை மாற்றச் சொன்னது யார் என்று நோட்டு சொல்லும்; கடைசிப் பணம் எவ்வளவு, எப்போது என்பதையும் சொல்லும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பேசித் தீராவிட்டால்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு வீடு கட்டித் தருவதும் அந்தச் சட்டத்தின்படி ஒரு 'சேவை'தான் என்று 1993-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. இப்போது நடைமுறையில் இருப்பது 2019-இல் இயற்றிய புதிய சட்டம். குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரையில் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை டெலிபோனில் கூப்பிட்டு யோசனையும் கேட்கலாம்.

ஆனால் அங்கே போனதும் கேட்கப்போகும் முதல் கேள்வி: "என்ன பேசினீர்கள்? எவ்வளவு கொடுத்தீர்கள்? அத்தாட்சி எங்கே?" மறுபடியும் நோட்டுப் புத்தகம்தான்!

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 1990-இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை அரசாங்கம் அமைத்தது. மலைப்பகுதியில் புதிதாகக் கட்டவும் சரிவை வெட்டவும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. "அதெல்லாம் நான் பார்த்துக்கறேங்க" என்று யார் சொன்னாலும், அனுமதிக் காகிதத்தை உங்கள் கையில் வாங்கிப் பார்த்த பிறகே கடப்பாரை விழட்டும்.

நோட்டில் எழுத வேண்டியவை

பாட்டியம்மாவின் நோட்டிலிருந்தும், மேஸ்திரியின் வாய்மொழியிலிருந்தும் திரட்டியவை இவை. கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. வேலையை மட்டுமல்ல, குறையையும் எழுதுங்கள். 'பூச்சு வேலை' என்று நிறுத்தாமல், 'பின்னறை ஓதம் நிற்பதற்காக' என்று சேர்த்து எழுதுங்கள்.

2. கூலி மட்டுமா, சாமானும் சேர்த்தா? சாமான் என்றால் எந்தக் கம்பெனி, எந்த ரகம், எவ்வளவு?

3. பேசுவதற்கு முன் இரண்டு மூன்று பேரிடம் மதிப்புக் கேளுங்கள். அவர் முன்பு வேலை செய்த வீட்டை மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். வெயிலில் எல்லாச் சுவரும் அழகுதான்.

4. பணத்தை நாளுக்குத் தகுந்தபடி கொடுக்காமல் வேலைக்குத் தகுந்தபடி கொடுங்கள். கடைசிப் பங்கு, ஒரு மழைக்குப் பிறகு.

5. நடுவில் எதையாவது மாற்றச் சொன்னால், அதற்கான கூலியை அப்போதே பேசி எழுதுங்கள்.

6. மூடிவிடும் வேலைகளை மூடும் முன் பாருங்கள்: அஸ்திவாரம், கம்பி, குழாய். போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

7. புதுப் பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். அது யார் பொறுப்பு என்றும் எழுதுங்கள். பெரும்பாலும் அது நம் தலையில்தான் விழும்!

வீட்டு வேலை என்றால் ஆண்கள் பேசட்டும் என்று நாம் உள்ளே போய்விடுகிறோம். ஆனால் அவர் ஆபீசுக்குப் போன பிறகு நாள் முழுவதும் வீட்டில் இருந்து பார்ப்பது யார்? எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று அறிந்தவர் யார்? பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதும் கைக்கு இந்தக் கணக்கா பெரிது?

மழை பார்த்தாயிற்று

டீச்சரம்மாவின் கதையை முடிக்காமல் விட்டால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள்.

மகளைக் கரடியூருக்கு அழைத்து வர முடியவில்லை. பிரசவம் சேலத்தில், ஓர் உறவினர் வீட்டிலிருந்து நடந்தது. "என் பேத்தி என் வீட்டுக்கு வராமப் பிறந்தா" என்று சொல்லும்போது டீச்சரம்மாவின் குரல் கம்மியது. அந்த மூன்று லட்சமும் திரும்பி வரவில்லை.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. கையிலிருந்த ஒரு ஜோடி வளையலை வைத்துக் கடன் வாங்கினார். பாட்டியம்மாவின் நோட்டைப் பார்த்து, அதே மாதிரி ஒரு நோட்டுப் போட்டார். பாட்டியம்மாவின் மேஸ்திரியையே அழைத்தார். சுவரின் முதுகிலிருந்த மண்ணை வெட்டி அகற்றி, பின்னால் வாய்க்கால் எடுத்தார்கள். கூரைத் தண்ணீருக்குத் தகரத் தாழ்வாரம் வைத்தார்கள். சிமென்டுப் பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை மாதக் கணக்கில் உலர விட்டு, பிறகு சுண்ணாம்புப் பூச்சுப் பூசினார்கள்.

நான் போயிருந்தபோது ஒரு பருவமழை கழிந்திருந்தது. "தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். மலைச் சுவருக்கே உரிய குளிர்ச்சி. ஆனால் ஈரம் இல்லை. அறை நடுவே ஒரு தொட்டில் கட்டியிருந்தது. மகளும் பேத்தியும் மறுவாரம் வருகிறார்களாம்.

நான் புறப்படும் நேரத்தில் மேஸ்திரி அந்தப் பக்கமாக வந்தார். டீச்சரம்மா அவரை வாசலில் நிறுத்தி, நோட்டையும் ஒரு கவரையும் எடுத்து வந்தார்.

"மீதிப் பணம், மேஸ்திரி. மழை பார்த்தாச்சு."

"இருக்கட்டுங்க டீச்சரம்மா, நாளைக்கு வந்து…" என்று அவர் இழுத்தார்.

"நாளைக்கெல்லாம் கிடையாது. இன்னிக்கே எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க!" என்றார் டீச்சரம்மா.